டார்ச் லைட்டில் எல்.இ.டி.யைப் பொருத்துவது எப்படி: பேஸ்டா, பசையா, டேப்பா, ஈயமா?

சொந்தமாக டார்ச் லைட் கட்டுகிறவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். எல்.இ.டி. வந்துவிட்டது, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் வந்துவிட்டது, விளக்கின் உடம்பும் தயார். எல்.இ.டி. உட்காரும் போர்டை உடம்போடு எதை வைத்துச் சேர்ப்பது? பினாங்கில் இதைக் கேட்பவர்கள் பலவிதம். விடியும் முன் தண்ணீர்மலைப் பக்கமிருந்து மலை ஏறுகிறவருக்கு ஒரு மணி நேரம் சீரான வெளிச்சம் வேண்டும். பத்து மாவுங் கரையில் தூண்டில் போடுகிறவருக்குச் சில வினாடி தூரம் அடிக்கும் ஒளி போதும். இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் எல்.இ.டி. நமக்கு அந்நியமான பொருள் அல்ல. லுமிலெட்ஸ், ஆஸ்ராம் இரண்டுக்கும் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை உண்டு. ஆஸ்ராமின் சிப் ஆலை 2017 முதல் கூலிமிலும் இயங்குகிறது. அங்கே வேலை செய்யும் நம்மவர்களுக்கு டேட்டாஷீட் (தயாரிப்பாளரின் விவரத்தாள்) தலைகீழ்ப் பாடம். ஆனால் டேட்டாஷீட் எல்.இ.டி.யின் அடிப்பாகத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் கட்டுகிறவர் பொறுப்பு.

எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் வெப்பம். ஒவ்வொரு இணைப்பும் எத்தனை டிகிரியை விழுங்குகிறது என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். "நல்லா கடத்தும்" என்று பாக்கெட்டில் எழுதியிருப்பது கணக்கு ஆகாது. இரண்டாவது, பிரிக்க முடியுமா என்பது. எல்.இ.டி. மாற்ற வேண்டிய நாள் கட்டாயம் வரும். மூன்றாவது, வீட்டில் இருக்கும் கருவியால் ஆகுமா, லேத் பட்டறைக்குப் போக வேண்டுமா. நான்காவது, கீழே விழுந்தால் தாங்குமா. ஐந்தாவது அதிகம் பேசப்படாத ஒன்று: மூடிய தலைப்பகுதிக்குள் ஆவி விடும் பொருளா. இதைப் பசைப் பகுதியில் சொல்கிறேன்.

வெப்பக் கணக்குக்கு ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். கிரீ நிறுவனத்தின் எக்ஸ்எம்-எல்2 வகை எல்.இ.டி. 3 ஆம்பியரில் ஏறக்குறைய 10 வாட் எடுக்கும். அதில் 6 முதல் 7 வாட் ஒளியாக ஆகாமல் வெப்பமாகவே தங்கிவிடும். 7 என்றே கொள்வோம். எல்.இ.டி.க்குள்ளேயே, சிப்பிலிருந்து ஈயம் வைக்கும் அடிப்பாகம் வரை, ஒரு வாட்டுக்கு 2.5 டிகிரி ஏறும். அதாவது 17 டிகிரிக்கு மேல். அதை நம்மால் மாற்ற முடியாது. சிப் தாங்கும் உச்சம் 150 டிகிரி. ஆனால் அந்த எல்லை நமக்கு இலக்கு அல்ல. சூடு ஏற ஏற ஒளி குறையும், ஆயுளும் குறையும்.

இன்னொரு பக்கம், நம் ஊர்க் காற்று. குளிர்நாட்டு இரவில், 10 டிகிரிக் காற்றில் எடுத்த சோதனைப் படங்களைப் பார்த்து இங்கே கட்டினால் ஏமாற்றம்தான். பினாங்கில் நள்ளிரவிலும் பெரும்பாலும் 25 டிகிரிப் பக்கம்தான். மாலையில் 30. ஓட்டம் தொடங்கும்போதே 15, 20 டிகிரி பின்தங்கி நிற்கிறோம்.

எதிரி காற்றுதான்

உலோகம் உலோகத்தைத் தொடுவதுபோல் தெரியும் இடத்தில் உண்மையில் தொடுவது சில மேடுகள் மட்டுமே. இடைவெளி முழுக்கக் காற்று. செம்பு மீட்டர் கெல்வினுக்கு 400 வாட் அளவில் வெப்பத்தைக் கடத்தும் (இது கடத்துதிறனின் அலகு, எண் பெரிதானால் நன்றாகக் கடத்தும்). 6061 வகை அலுமினியம் சுமார் 167, பித்தளை 110 முதல் 120, சோல்டர் ஈயம் 50, சாதாரண தெர்மல் பேஸ்ட் (இடைவெளியை நிரப்பப் பூசும் களிம்பு) 4. காற்று வெறும் 0.026.

16 மில்லிமீட்டர் வட்ட போர்டின் அடியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு காற்று நிரந்தரமாக நின்றால், 7 வாட்டுக்கு 130 டிகிரிக்கு மேல் ஏறும் என்று கணக்கு காட்டுகிறது. எல்.இ.டி. அதற்குள் செத்துவிடும். அதே இடத்தில் 0.05 மில்லிமீட்டர் பேஸ்ட் இருந்தால் அரை டிகிரிதான் போகும். பேஸ்டை 4 என்ற தரத்திலிருந்து 8 என்ற தரத்துக்கு உயர்த்தினால் கிடைப்பது கால் டிகிரி. விலை உயர்ந்த பேஸ்டுக்காகப் பணம் செலவழிக்கத் தேவையில்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். காற்று போனதா என்பது மட்டுமே கேள்வி.

பேஸ்டுக்கு முன் போர்டு

பலர் பேஸ்டைப் பற்றிக் கேட்கிறார்கள். உண்மையான இழப்பு அவர்கள் வாங்கி வைத்திருக்கும் போர்டுக்குள்ளேயே இருக்கிறது. ஸ்டார் என்று விற்கும் சாதாரண அலுமினிய போர்டில், செம்புத் தடங்களுக்கும் அலுமினிய அடிக்கும் நடுவே ஒரு மின்காப்புப் படலம் உண்டு. அது மெல்லியதுதான், ஆனால் மீட்டர் கெல்வினுக்கு 1 முதல் 3 வாட் மட்டுமே கடத்தும். எல்.இ.டி.யின் அடிப்பாகம் சிறியது என்பதால் முழு வெப்பமும் அந்தச் சிறு சதுரத்தின் வழியாகவே இறங்கியாக வேண்டும். 7 வாட்டுக்கு 10 முதல் 20 டிகிரி அங்கேயே போய்விடும்.

டிடிபி என்று விற்கும் செம்பு போர்டில் எல்.இ.டி.யின் நடு வெப்பத் திட்டுக்குக் கீழே அந்தப் படலமே கிடையாது. திட்டு நேராகச் செம்பின் மேல் ஈயத்தால் உட்காருகிறது. அந்த 10, 20 டிகிரி முழுவதும் மிச்சம். விலை வித்தியாசம் சில ரிங்கிட். இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாத் தேர்வுகளிலும் கொடுத்த காசுக்கு மிக அதிகம் திருப்பித் தருவது இதுதான்.

நிபந்தனை ஒன்று உண்டு. எல்.இ.டி.யின் நடுத் திட்டு மின்சாரத்தோடு தொடர்பில்லாததாக இருக்க வேண்டும். எக்ஸ்எம்-எல்2 அப்படிப்பட்டது. சில சிப்புகளில் நடுத் திட்டு ஒரு முனையோடு சேர்ந்திருக்கும். அதை டிடிபி போர்டில் வைத்தால் டார்ச்சின் உடம்பே மின்முனை ஆகிவிடும். ஈயம் வைக்கும் முன் மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்ப்பது ஒரு நிமிட வேலை.

1 ஆம்பியருக்குள் ஓட்டும் வாசிப்பு விளக்கு, சாவிக்கொத்து விளக்கு போன்றவற்றுக்கு அலுமினிய ஸ்டாரே போதும். அங்கே இழப்பு நாலைந்து டிகிரியோடு நின்றுவிடும்.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

கீழே உள்ள டிகிரிக் கணக்கு 16 மி.மீ. போர்டுக்கு, 7 வாட் வெப்பத்துக்கு, வெப்பம் அடிப்பரப்பு முழுவதும் பரவியதாக வைத்து நான் போட்டது. நடுவில் குவிவதால் நிஜத்தில் கொஞ்சம் கூடும். ஆனால் வரிசை மாறாது.

| வழி | போர்டுக்கும் உடம்புக்கும் நடுவே இழப்பு | பிரிக்கலாமா | தேவையான கருவி |
|---|---|---|---|
| பேஸ்ட் + திருகு அல்லது அழுத்து வளையம் | 1 டிகிரிக்குள் | எளிது | துளைக்கருவி, மரை போடும் டாப் |
| தெர்மல் பசை | 3 முதல் 4 | கடினம் | ஒன்றும் வேண்டாம் |
| இருபக்கத் தெர்மல் டேப் | 8 முதல் 9, சில சமயம் மேலும் | எளிது | ஒன்றும் வேண்டாம் |
| பில்லோடு (எல்.இ.டி. உட்காரும் உலோகக் குப்பி) ஈயம் | கிட்டத்தட்ட இல்லை | சூடாக்கினால் முடியும் | ஹாட் பிளேட், ஃபிளக்ஸ் (ஈயம் பிடிக்கப் பூசுவது) |

பேஸ்டும் அழுத்தமும்

என் தேர்வு இதுதான். நான் கட்டும் விளக்குகளில் இடம் இருக்கும்வரை வேறு வழிக்குப் போவதில்லை.

பேஸ்டுக்குத் தானாகப் பிடித்துக்கொள்ளும் சக்தி கிடையாது. மேலிருந்து ஏதோ ஒன்று அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். 20 மி.மீ. ஸ்டாரில் இரண்டு எம்3 திருகுகள் வசதியாக உட்காரும். 16 மி.மீ. போர்டில் இடம் நெருக்கம். திருகின் தலை ஈயத் திட்டைத் தொட்டு ஷார்ட் ஆகும் ஆபத்து உண்டு. அதனால் எம்2 திருகோடு ஃபைபர் வாஷர் போட வேண்டும். கான்வாய் எஸ்2+ போன்ற ஆயத்த உடம்புகளில் திருகே கிடையாது. ஒளியைக் குவிக்கும் ரிஃப்ளெக்டர்தான் போர்டை அழுத்துகிறது, முகப்பு வளையத்தை இறுக்கும்போது அழுத்தம் வருகிறது. அங்கே ரிஃப்ளெக்டருக்கும் போர்டுக்கும் நடுவே உள்ள பிளாஸ்டிக் வளையம் இரண்டு வேலை செய்கிறது: எல்.இ.டி.யை நடுவில் நிறுத்துகிறது, அலுமினிய ரிஃப்ளெக்டர் ஈயத்தைத் தொடாமல் தடுக்கிறது. அதன் தடிமன் போதாமல் இருந்தால் அழுத்தம் போர்டுக்கு வராமல் முகப்புக் கண்ணாடியிலேயே நின்றுவிடும். வளையத்தை இறுக்கிய பிறகும் ரிஃப்ளெக்டர் லேசாக ஆடினால் நிலைமை அதுதான்.

மறைமுகச் செலவு சமதளம். போர்டின் அடி பெரும்பாலும் சற்று வளைந்திருக்கும், விளிம்பில் வெட்டிய பிசிறு நிற்கும். தடித்த கண்ணாடித் தகட்டின் மேல் 400 நம்பர் நீர்த்தாள், பிறகு 1000 நம்பர் வைத்து எட்டு போட்டதுபோல் தேய்க்க வேண்டும். அடி முழுவதும் ஒரே நிறமாக ஆகும்போது நிறுத்தலாம். பேஸ்ட் எவ்வளவு என்றால், அழுத்தியபின் விளிம்பில் மெல்லிய கோடாக எட்டிப் பார்க்கும் அளவு. கெட்டியாகப் பூசினால் காற்றுக்குப் பதில் பேஸ்டே தடையாகிறது.

மலை ஏறுகிறவருக்கும், அடிக்கடி எல்.இ.டி. மாற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கும், முதல் விளக்கு கட்டுகிறவருக்கும் இதுவே பொருந்தும். வேண்டியதெல்லாம் கோலாலம்பூரில் புடு ஜாலான் பாசார் பக்கத்து எலெக்ட்ரானிக் கடைகளில் கிடைக்கும். பினாங்குக்காரர்கள் லோரோங் கூலிட் சந்தையில் பழைய கணினியின் ஹீட் சிங்க்கைத் தேடலாம். அறுத்து எடுத்தால் நல்ல அலுமினியத் தட்டு கிடைக்கும்.

தெர்மல் பசை

இரண்டு கூறுகளைக் கலக்கும் எபாக்சி வகை. வெப்பத்தைப் பொறுத்தவரை இதன்மேல் எனக்குப் புகார் இல்லை. 3, 4 டிகிரி இழப்பு கையில் பிடிக்கும் விளக்கில் பெரிய விஷயம் அல்ல. திருகு போட இடமே இல்லாத சிறிய தலை, மூன்று நான்கு எல்.இ.டி.களைத் தனித்தனிப் போர்டில் வைக்கும் விளக்கு, சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ நாள் முழுதும் அதிரும் விளக்கு — இவற்றுக்கெல்லாம் பசையே சரி. திருகு அதிர்வில் தளரும். பசை தளராது.

செலவு வெளியே தெரியாது, பிரிக்கும் நாளில்தான் தெரியும். எல்.இ.டி. போனால் போர்டை நெம்பி எடுக்க வேண்டும். உறைபெட்டியில் வைத்துக் குளிரவிட்டுத் தட்டினால் சில சமயம் விடும். சில சமயம் போர்டு உட்காரும் தட்டின் மேற்பரப்பையும் பிய்த்துக்கொண்டு வரும். ஒட்டும்போது இறுகும்வரை கிளாம்ப் போட்டு அழுத்தி வைக்காவிட்டால் படலம் தடித்து, அட்டவணையில் உள்ள எண் இரண்டு மூன்று மடங்காகிவிடும்.

இப்போது ஆவி விஷயம். அவசரத்துக்கு சூப்பர் குளூ போடாதீர்கள். அதன் ஆவி மூடிய தலைக்குள் சுழன்று ரிஃப்ளெக்டரில் வெண்புகையாகப் படியும், எல்.இ.டி.யின் சிலிகோன் மேல்மூடியிலும் ஊறி நிறத்தைக் கெடுக்கும். வினிகர் வாசம் அடிக்கும் குளியலறை சிலிகோனும் வேண்டாம். அது இறுகும்போது விடும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். இரண்டுமே வெப்பத்தைக் கடத்தவும் செய்யாது.

இருபக்க டேப்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கால் மில்லிமீட்டர் தடிமன், கடத்துதிறன் 1 பக்கம். 3 வாட்டுக்கு மேல் ஓடும் கைவிளக்கில் இதற்கு வேலை இல்லை. அலமாரிக்குள் வைக்கும் விளக்கு, சாமி மேடைக்கு மேல் ஒட்டும் சிறு பட்டை விளக்கு என்றால் தாராளமாகப் போடலாம். ஆனால் நம் ஈரக்காற்றில் சூடும் குளிரும் மாறிமாறி ஓரம் எழும்பும். எழும்பிய ஓரத்தில் காற்று நுழையும், பிறகு என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்.

ஈயம் வைத்துச் சேர்ப்பது

எல்.இ.டி.யும் டிரைவரும் உட்காரும் மரையிட்ட சிறு உலோகக் குப்பியைப் பில் என்பார்கள். அது பித்தளையாகவோ செம்பாகவோ இருந்தால் போர்டை அதன்மேல் நேராக ஈயம் வைத்துவிடலாம். போர்டுக்கும் பில்லுக்கும் நடுவே இழப்பு அளக்கவே முடியாத அளவுக்குக் குறையும். 5, 6 ஆம்பியர் தள்ளும் தூர ஒளி விளக்கில் இது அர்த்தமுள்ள வேலை. பத்து மாவுங் தூண்டில்காரர் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

வேலையின் நுட்பம் வெப்பநிலையில் இருக்கிறது. எல்.இ.டி.யை போர்டில் 63/37 (வெள்ளீயம்-காரீயம்) ஈயத்தால் வைத்தால் அது 183 டிகிரியில் உருகும். அதே ஈயத்தைப் போர்டுக்கு அடியிலும் போட்டுச் சூடாக்கினால் மேலே எல்.இ.டி. நழுவும். வழி என்னவென்றால், மேல் இணைப்புக்கு 217 டிகிரிக்கு மேல் உருகும் ஈயமில்லாச் சோல்டரோ 183 வகையோ, அடி இணைப்புக்கு 138 டிகிரியில் உருகும் பிஸ்மத் வகை. பிஸ்மத் சோல்டர் சற்று நொறுங்கும் தன்மை கொண்டது, கடத்துதிறனும் குறைவு. இருந்தாலும் போர்டின் அடி அகலமானது என்பதால் இரண்டுமே இங்கே தொந்தரவு தராது.

அலுமினியத்துக்கு இந்த வழி கிடையாது. அதன்மேல் கண நேரத்தில் படியும் ஆக்சைடில் சாதாரண சோல்டர் பிடிக்காது. மறைவான இன்னொரு செலவு பில்லின் வடிவம். மலிவுப் பில்லின் உள்ளே கூடாக இருக்கும், மேல்தட்டு ஒரு மில்லிமீட்டர்தான். ஒரு மி.மீ. பித்தளைத் தட்டு பக்கவாட்டில் கடத்தும் வெப்பம், மூன்று மி.மீ. அலுமினியத் தட்டு கடத்துவதில் கால் பங்குக்கும் குறைவு. அதற்கும் பிறகு வெப்பம் மரையின் பள்ளங்களில் நிற்கும் காற்றைத் தாண்டி உடம்புக்குப் போக வேண்டும். போர்டுக்கு அடியில் அரை டிகிரியை மிச்சம் பிடித்துவிட்டு மரையில் பத்து டிகிரியை விட்டுக்கொடுப்பதில் பயனில்லை. பில்லைத் தேர்ந்தெடுத்தால் மரைக்கும் பேஸ்ட் போடுங்கள். டிரைவரின் தரைமுனை பில் வழியாகப் போவதென்றால் மரையின் ஒரு பகுதியை மட்டும் சுத்தமாக விட்டுவையுங்கள்.

போர்டே இல்லாமல் எல்.இ.டி.யைச் செம்புக் கட்டியின் மேல் நேராக வைப்பவர்களும் உண்டு. டிடிபி போர்டு வந்தபிறகு அந்தச் சிரமத்துக்குக் கிடைக்கும் பலன் மிகச் சிறிது.

எல்லையை நிர்ணயிப்பது உடம்பு

இணைப்பு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கடைசியில் வெப்பம் காற்றுக்குப் போக வேண்டும். 24 மி.மீ. விட்டமும் 12 செ.மீ. நீளமும் உள்ள விளக்கின் வெளிப்பரப்பு 90 சதுர செ.மீ. காற்று 30 டிகிரி, உடம்பு 55 டிகிரி என்றால் அந்தப் பரப்பு தொடர்ந்து வெளியேற்றக்கூடியது இரண்டேகால் வாட் அளவுதான். பிடித்திருக்கும் கை கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். 7 வாட்டை உள்ளே விட்டால் மிச்சம் உலோகத்தில் தேங்கும். 100 கிராம் அலுமினியம் அப்படி 25 டிகிரி ஏற ஏழெட்டு நிமிடம் பிடிக்கும். டார்ச்சில் போடும் 18650 லித்தியம் பேட்டரிகள் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் தரும்போது 60 டிகிரிதான் எல்லை. அதனால் 3 ஆம்பியரை இந்த அளவு உடம்பில் தொடர்ந்து ஓட்டும் ஆசையை விட்டுவிட வேண்டும். மலை ஏறுகிறவர் 1 ஆம்பியரில் நிறுத்தி, உச்ச ஒளியைத் தேவைப்படும் நிமிடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும். சூட்டை உணர்ந்து தானே குறைக்கும் டிரைவர் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

செம்பு உடம்பு பற்றி ஆசை பலருக்கும் உண்டு. ஒரே வடிவத்தில் செம்பு அலுமினியத்தைவிட 3.3 மடங்கு கனம், தேக்கும் வெப்பமோ 1.4 மடங்கு மட்டும். பளபளப்பாகத் தேய்த்த உலோகம், செம்பானாலும் அலுமினியமானாலும், வெப்பக் கதிர்வீச்சை மிகக் குறைவாகவே விடும். அனோடைஸ் செய்த அலுமினியம் அந்த வழியாக நன்றாகவே வெளியேற்றும். கையில் பிடிக்கும் அளவில் கதிர்வீச்சின் பங்கு ஏறக்குறைய பாதி என்பதால் இது சிறிய விஷயம் அல்ல. அதோடு கடற்கரை உப்பு ஈரத்தில் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அலுமினியம் அரிபடும். ஓ-ரிங்கை கவனமாகப் பாருங்கள்.

பிவிசி குழாயில் கட்டுகிறவர்கள் எல்.இ.டி.யை வெளியே தெரியும் ஹீட் சிங்க்கில் வைத்து, குழாயைப் பேட்டரிக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். பிவிசி வெப்பத்தைக் கடத்தாது, 60 டிகிரிக்கு மேல் பலவீனமாகும். முப்பரிமாண அச்சில் எடுத்த பிஎல்ஏ உடம்பும் 60 டிகிரியில் இளகத் தொடங்கும்.

பொருத்திய பிறகு

முழு ஒளியில் வைத்து ஒரு நிமிடம் தலைப்பகுதியைப் பிடித்துப் பாருங்கள். நன்றாகச் சூடானால் நல்ல செய்தி: வெப்பம் வெளியே வருகிறது. முழு ஆம்பியரில் ஓடியும் தலை சில்லென்று இருந்தால் உடனே அணைத்துவிட்டுப் பிரியுங்கள், எல்.இ.டி. உள்ளே தனியாக வெந்துகொண்டிருக்கிறது. தெர்மோகப்பிள் உள்ள மல்டிமீட்டர் இருந்தால் முகப்பைக் கழற்றி, குறைந்த ஆம்பியரில், எல்.இ.டி.க்குப் பக்கத்தில் போர்டின் மேலும் தட்டின் ஓரத்திலும் அளந்து இரண்டையும் கழியுங்கள். இல்லையென்றால் கைப்பேசியின் ஒளிமானியை எதிர்ச்சுவரில் வைத்து, ஏற்றிய 10 வினாடியில் ஓர் எண், 2 நிமிடத்தில் ஓர் எண் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரி முழுதும் ஏறியிருந்து, டிரைவர் மின்னோட்டத்தை நிலையாக வைத்திருந்தும், ஒளி ஐந்தில் ஒரு பங்கு விழுந்தால் போர்டைக் கழற்றி பேஸ்டின் தடத்தைப் பாருங்கள். நடுவில் உலர்ந்த வட்டம் தெரிந்தால் அங்கேதான் காற்று நின்றிருக்கிறது. அந்த இடத்தைத் தேய்த்துச் சமமாக்கிவிட்டு மறுபடி பொருத்துங்கள்.